குளிர்ப் பகுதிச் சிவப்பு வைன்: புளிப்பும் மிளகு மணமும் எங்கிருந்து வருகின்றன?

தஞ்சோங் மாலிமில் பகலில் 32, 33 டிகிரி செல்சியஸ் வெப்பம். இரவில் 23, 24 டிகிரி. ஆண்டு முழுவதும் இதே நிலைதான். பால்மரத்துக்கும் செம்பனைக்கும் ஏற்ற இந்த வெப்பம் வைன் திராட்சைக்கு ஆகாது. அது குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கி, வசந்தத்தில் துளிர்த்து, கோடையில் காய்த்து, கோடை முடியும்போது பழுக்கும் கொடி. பழுக்கும் அந்த வாரங்கள் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கின்றன என்பதைப் பொறுத்தே சிவப்பு வைனின் குணம் பெருமளவு அமைகிறது.

கடைகளில் அடுக்கியிருக்கும் புட்டிகளில் சில வெளிர் சிவப்பாகவும் புளிப்பாகவும் இருக்கும். சில கருஞ்சிவப்பாக, கனமாக இருக்கும். வெளிறியது மட்டம், கருத்தது உசத்தி என்று நினைப்பவர் பலர். இந்த வேறுபாட்டுக்குத் தரத்தைவிட ஊரும் திராட்சை இனமுமே முக்கியக் காரணம்.

குளிர்ப் பகுதி என்பது எது?

அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த அமெரின், விங்க்லர் ஆகிய இருவர் 1944இல் ஒரு கணக்கு முறையை வெளியிட்டனர். திராட்சைக் கொடி 10 டிகிரிக்குக் கீழ் வளராது. எனவே ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பத்திலும் 10ஐக் கழித்து, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை கூட்டிப் பார்ப்பார்கள். தொகை சுமார் 1,390க்குள் இருந்தால் அது மிகக் குளிர்ந்த முதல் வகை. 2,220க்கு மேல் போனால் மிகச் சூடான ஐந்தாம் வகை.

இதே கணக்கைத் தஞ்சோங் மாலிமுக்குப் போட்டால் தொகை 3,700ஐத் தாண்டிவிடும். ஏறக்குறைய 18 டிகிரி சராசரி கொண்ட கேமரன் மலைக்கு 1,700 அளவில் வரும். வெப்பத்தை மட்டும் பார்த்தால் கேமரன் மலை தகுதி பெறுகிறது. ஆனால், அங்கே ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. உறங்க வைக்கும் குளிர்காலமும் இல்லை. ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துக் கொத்தோடு அழுகிவிடும். தேயிலைக்கு அந்த மழையும் பனியும் வாழ்வு. திராட்சைக்கு அவையே கேடு.

பிரான்சின் பர்கண்டி, லுவார், வட ரோன், ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கு, நியூசிலாந்தின் சென்ட்ரல் ஒட்டாகோ, ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியா, யாரா பள்ளத்தாக்கு ஆகியவை சிவப்பு வைனுக்குப் பெயர்பெற்ற குளிர்ப் பகுதிகள். ஆஸ்திரேலியாவிலேயே உள்ள பரோசா சூடான பகுதி. ஆகவே நாட்டின் பெயர் மட்டும் போதாது. வட்டாரத்தின் பெயரையும் பார்க்க வேண்டும்.

புளிப்பும் போதையும்

தோட்டத்தில் கள் இறக்கியதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பதநீரின் இனிப்பு நொதித்துத்தான் கள்ளின் போதையாகிறது. வைனிலும் அதேதான். ஒரு லிட்டர் சாற்றில் உள்ள ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை, 1 விழுக்காடு ஆல்கஹாலாக மாறுகிறது. சூடான ஊரில் பழம் விரைவாகச் சர்க்கரை ஏறிப் பழுக்கும். வைனில் ஆல்கஹால் 14, 15 விழுக்காட்டை எட்டும். குளிர்ந்த ஊரில் அது பெரும்பாலும் 12, 13 விழுக்காட்டில் நின்றுவிடும்.

திராட்சையில் இரண்டு முக்கிய அமிலங்கள் உண்டு. ஒன்று டார்டாரிக் அமிலம். நம் வீட்டுப் புளியில் இருப்பதும் இதுதான். மற்றொன்று மாலிக் அமிலம்; பச்சை ஆப்பிளின் புளிப்பு இதிலிருந்து வருகிறது. வெப்பம் கூடினால் பழம் தன் மாலிக் அமிலத்தைத் தானே எரித்துத் தீர்த்துவிடும். இரவு குளிர்ந்தால் அது மிஞ்சும். குளிர்ப் பகுதி வைன் நாக்கில் சுறுசுறுப்பாகப் படுவதற்கு இதுவே காரணம்.

மிளகு மணத்தின் மர்மம்

குளிர்ப் பகுதிகளின் சிரா வைனில் கருமிளகு வாசம் வீசுவதுண்டு. சிரா, ஷிராஸ் இரண்டும் ஒரே திராட்சைதான். அந்த வாசத்துக்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற பொருள் என்பதை ஆஸ்திரேலிய வைன் ஆய்வுக் கழகம் 2008இல் வெளியிட்டது. கருமிளகிலும் அதே பொருள்தான் மணக்கிறது. குளிர்ந்த ஆண்டுகளில், குளிர்ந்த சரிவுகளில் அது கூடுகிறது. சோதனையில் கலந்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இந்த மணமே தெரியவில்லை. ஆகவே ஒருவர் மிளகு மணக்கிறது என்பதும், பக்கத்தில் இருப்பவர் இல்லவே இல்லை என்பதும் இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

கபர்னே வகைத் திராட்சைகள் சரியாகப் பழுக்காவிட்டால் பச்சைக் குடைமிளகாய் வாசம் வரும். கொஞ்சமாக இருந்தால் அழகு, மிஞ்சினால் குறை. பழம் முற்றாத ஆண்டில் துவர்ப்பும் முரடாக, நெடுநேரம் ஊறிய தேநீர் போல நாக்கைப் பிடிக்கும். குளிர்ப் பகுதி விவசாயி ஒவ்வோர் ஆண்டும் மழைக்கும் பனிக்கும் இடையில் சூதாடுகிறார் என்றே சொல்லலாம்.

நிறம் வெளிறியிருப்பதற்குப் பெரும்பாலும் இனமே காரணம். குளிர்ப் பகுதிகளில் அதிகம் பயிராகும் பினோ நுவார் திராட்சையின் தோலில் இயல்பாகவே சாயம் குறைவு. அளவுக்கு மீறிய வெப்பமும் தோலின் சாயத்தைக் குறைத்துவிடும்.

தமிழ்நாட்டிலும் இந்தியாவிலும்

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மஸ்கட் ஹம்பர்க் என்ற அந்த இனம் ஆண்டு முழுவதும் காய்க்கிறது. வெப்ப நாட்டில் கொடி உறங்குவதில்லை. கவாத்து செய்துதான் காய்க்க வைக்கிறார்கள். மகாராஷ்டிராவின் நாசிக்கில் மழைக்குப் பிறகு கவாத்து செய்து, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை நடக்கிறது. பழம் குளிர்காலத்தில் பழுப்பதால், இரவுக் குளிரைக் கொஞ்சமாவது பயன்படுத்திக்கொள்ள முடிகிறது.

மாறிவரும் குணம்

பர்கண்டியின் போன் நகரில் 1354 முதல் 2018 வரை திராட்சை அறுவடை தொடங்கிய நாள்களை ஆய்வாளர்கள் தொகுத்து 2019இல் வெளியிட்டனர். 1987 வரை சராசரியாகச் செப்டம்பர் 28 அளவில் தொடங்கிய அறுவடை, 1988க்குப் பிறகு சராசரியாக 13 நாள் முந்திவிட்டது. பழம் கடும் வெயிலிலேயே பழுக்கிறது. சர்க்கரை கூடுகிறது, புளிப்பு குறைகிறது. தலைமுறை தலைமுறையாக ஒரே சரிவை நம்பிய குடும்பங்கள் இப்போது அறுவடை நாளை மாற்றுகின்றன; உயரமான நிலம் தேடுகின்றன. முன்பு குளிர் மிகுந்திருந்த இங்கிலாந்தில் இன்று பினோ நுவார் பழுக்கிறது.

வாங்குபவர் கவனத்துக்கு

புட்டியில் வட்டாரத்தின் பெயர், ஆண்டு, ஆல்கஹால் விழுக்காடு மூன்றையும் பாருங்கள். 12.5 விழுக்காட்டு வைனைவிட 15 விழுக்காட்டு வைனில், அதே அளவு கிண்ணத்தில், ஐந்தில் ஒரு பங்கு ஆல்கஹால் கூடுதல். அறை வெப்பத்தில் பரிமாறுங்கள் என்பது ஐரோப்பிய வீட்டுக்குச் சொன்னது. நம் ஊரில் குளிர்பதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்து எடுப்பதே சரி. கார உணவோடு ஆல்கஹால் மிகுந்த வைன் சேர்ந்தால் எரிச்சல் கூடும். ஆட்டுக்கறிப் பிரட்டல் போன்ற எண்ணெய்ப் பண்டத்துக்குப் புளிப்புள்ள குளிர்ப் பகுதி வைன் பொருந்தும்.

மலேசியாவில் 2017 டிசம்பர் 1 முதல் 21 வயது நிறையாதவருக்கு மது விற்கக் கூடாது. லேசான வைன் என்றாலும் அது மதுதான். குடித்தவர் வாகனத்தைத் தொடாதிருப்பதே அவருக்கும் குடும்பத்துக்கும் நல்லது.