ராமசாமி என்றால் எந்த ராமசாமி?

செனாவாங் என்றதும் இன்றைய பிள்ளைகளுக்குத் தொழிற்பேட்டையும் வீடமைப்புப் பகுதிகளும்தான் நினைவுக்கு வரும். சிரம்பானை அடுத்த அந்த வட்டாரம் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். அந்நாளில் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் கிராணி "ராமசாமி" என்று கூப்பிட்டால் இரண்டு மூன்று பேர் குரல் கொடுப்பார்கள். லயத்து மக்களுக்கு அது சிக்கலே இல்லை. நெட்டை ராமசாமி, மேட்டு லயத்து ராமசாமி என்று பிரித்துக் கொண்டார்கள். அரசாங்கக் காகிதத்தில் நெட்டையும் இல்லை, மேட்டு லயமும் இல்லை.

"எங்கள் தாத்தா பட்டாளத்தில் இருந்தவர்" என்று பல குடும்பங்களில் சொல்லக் கேட்கலாம். எந்தப் பட்டாளம்? போருக்கு முன் வெள்ளைக்காரர் நடத்திய மலாய் மாநிலத் தொண்டர் படையா? நெகிரி செம்பிலானுக்கு அதில் தனிப் பிரிவே இருந்தது. 1943இல் நேதாஜி சிங்கப்பூர் வந்த பிறகு தோட்டத் தமிழர் திரண்டு சேர்ந்த இந்திய தேசிய ராணுவமா? அல்லது 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தின் ஊர்க்காவல் படையா? பேரப்பிள்ளைகளின் நினைவில் மூன்றும் ஒன்றாகக் கலந்துவிட்டன. முதலில் தாத்தாவின் வயதைக் கணக்கிட வேண்டும். 1930இல் பிறந்தவர் 1941இல் தொண்டர் படையில் துப்பாக்கி ஏந்தியிருக்க முடியாது. (அடையாள அட்டையில் உள்ள பிறந்த ஆண்டையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பிறப்புப் பத்திரம் இல்லாதவருக்கு அது உத்தேசக் கணக்குத்தான்.)

அடுத்தது தகப்பன் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. 'அனாக் லெலாகி' என்பதற்குப் பின்னால் வரும் பெயர்தான் ஆளைக் காட்டும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளில் பெயரோடு படை எண், பிரிவு, பல இடங்களில் தகப்பன் பெயரும் சொந்த ஊரும் உண்டு. படை எண் வேறானால் பெரும்பாலும் ஆளும் வேறு. ஆங்கில எழுத்து வேறாக இருப்பதை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது. ஒரே மனிதரின் பெயரை ஒரு கிராணி ஒருவிதமாகவும் இன்னொருவர் வேறுவிதமாகவும் எழுதியிருப்பார்கள்.

தேசிய ராணுவத்தின் காகிதங்களோ பெரும்பாலும் 1945 தோல்வியோடு அழிந்தன. அதனால் ஏதோ ஒரு பட்டியலில் 'ராமசாமி' என்று கண்டதும் தாத்தா கிடைத்துவிட்டார் என்று மகிழ்வது அவசரம்.

இதில் இன்னொரு வேதனையும் உண்டு. ஜப்பானியர் காலத்தில் ஒருவர் பெயர் செக்ரோலில் நின்றுபோனால், அவர் பட்டாளத்துக்குத்தான் போனார் என்று சொல்ல முடியாது. 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டார்கள். மாண்டவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல்லறை கூட இல்லை. ஒரே பெயருடைய இருவரில் ஒருவர் ரயில் பாதையில் மறைந்து, மற்றவர் பர்மா முனையிலிருந்து திரும்பியிருக்கலாம். இருவரையும் ஒருவராக்கிவிட்டால், மறைந்தவருக்குத் திதி கொடுக்கக்கூட ஆளில்லாமல் போகிறது.

காகிதம் கைவிடும் இடத்தில், பழைய லயத்தில் வாழ்ந்த பாட்டிமார்களைத்தான் கேட்க வேண்டும். எந்த ராமசாமி என்றால், அவர் பெண்சாதி பெயரையும், எந்தக் கங்காணி ஆள் என்பதையும் அவர்கள் சேர்த்தே சொல்வார்கள்.