தேரிக்காட்டின் தொன்மை

வட ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் வடபாகத்திலும் கடற்கரைச் சோலைகளினூடே நடந்து செல்வோர், அவ்விடத்து மண்ணோடு சிறிதும் சம்பந்தமில்லாத பெரும் உருண்டைக் கற்களைக் கண்டு வியப்பதுண்டு; பண்டைக்காலத்துப் பனியாறுகள் தொலைவிலிருந்து சுமந்து வந்து, தாம் உருகி மறைந்தபோது விட்டுச்சென்றவை அவை. தாமிரபரணி நாட்டைப் பனியாறு எதுவும் எட்டியதில்லை. எனினும், அந்தப் பனியூழி நம் கடற்கரையையும் தொடாமற் போகவில்லை என்பதற்குச் சாட்சியாக, திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையே குதிரைமொழித் தேரி என்னும் மணற்காடு செக்கச்சிவந்து கிடக்கிறது.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகத்து நீரில் ஒரு பங்கு பனியாக உறைந்து நிலத்தின்மேல் தங்கிவிட்டமையால், கடல்மட்டம் இன்றுள்ளதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்து, இலங்கையும் தமிழகமும் ஒரே நிலமாயிருந்தன. மேற்குமலை அடிவாரத்துச் செம்மண்ணைக் காற்று வாரிவந்து குவித்ததே தேரி என்று 1883-ல் ராபர்ட் புரூஸ் புட் எழுதினார்; பின்வந்த பூகர்ப்ப சாஸ்திரிகளோ, கடல் பின்வாங்கியபோது வெளிப்பட்ட மணலையும் அதன் உற்பத்திக்குக் காரணமாகக் கொண்டனர். மணலுக்குச் செந்நிறம் தந்தது அதன்மேல் படிந்த இரும்புத் துருவேயாகும்.

இம்மணலில் மனிதனும் வாழ்ந்திருக்கிறான். சாயர்புரம் முதலிய இடங்களில் கிடைத்த, படிகக்கல்லாலும் சிக்கிமுக்கிக் கல்லாலும் செய்த நுண்ணிய கருவிகளை ஆராய்ந்து 1956-ல் கட்டுரை வெளியிட்ட ஆய்வாளர்களான ஸாய்னரும் ஆல்சினும், அவற்றைச் சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என மதித்தனர். யவன மாலுமிகள் முத்து நாடிக் கொற்கைத் துறைக்கு வந்தபோது, அக்கருவிகளைச் செய்த தேரி வேடர்களின் காலம் கழிந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆகியிருந்தன.

காற்றில் நகர்ந்து வயலையும் குளத்தையும் மூடும் இயல்புடைய இம்மணலைப் பனையும் உடையும் கொல்லாமாவும் வேரூன்றிக் கட்டி நிறுத்தின. அம்மரங்களினூடே பனையேறிகள் மிதித்த தடங்களே வழிகளாயின. அவ்வழிகளிலேயே பக்தர்கள், சுனையருகே வீற்றிருக்கும் அருஞ்சுனை காத்த அய்யனாரையும், தேரிக்குடியிருப்புக் கற்குவேல் அய்யனாரையும் நாடிச் செல்கின்றனர். பின்னவர் கோயிலில், கார்த்திகை மாத இறுதியில் நிகழும் கள்ளர் வெட்டுத் திருவிழாவன்று, இளநீர் தெறித்த செம்மணலை முந்தியில் முடிந்து வீட்டுக்கு எடுத்துச் செல்வது இன்றும் வழக்கம்; நிலத்தில் தூவினால் விளைச்சல் பெருகும் என்பது அவர்கள் நம்பிக்கை.

கல்வெட்டும் செப்பேடும் மட்டுமே சரித்திரம் என்று கருதுவோர் இந்நாட்டின் கதையைக் கொற்கையிலிருந்து தொடங்குகின்றனர். அது நடுவிலிருந்து தொடங்குவதாகும். திருநெல்வேலிச் சரித்திரத்தின் முதல் அத்தியாயம் தேரியில்தான் இருக்கிறது.