உறையூர்ச் சுருட்டும் ஸ்பென்சர் கடையும்

மூடிப்போன கடைகளைப் பற்றி நம்மாட்கள் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டார்கள். சென்னைக்காரர் என்றால் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். 1962-ல் திறந்தது, 2008-ல் மூடினார்கள். இப்போது அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா. கொஞ்சம் இளையவர் என்றால் சுபிக்‌ஷா. 1997-ல் சென்னையில் தொடங்கி, நாடு முழுக்கச் சுமார் 1,600 கடைகள் வரை போய், கையில் காசில்லாமல் 2009-ல் மொத்தமாக ஷட்டரை இறக்கியது. வயதானவர் என்றால் சந்தேகமே வேண்டாம், மவுண்ட் ரோடு ஸ்பென்சர்தான்.

உறையூர்க்காரனான எனக்கு இந்தப் பட்டியலில் ஸ்பென்சர் மேல்தான் கண். ஏக்கத்தினால் அல்ல. அந்தக் கடையின் வியாபாரத்துக்கும் எங்கள் பக்கத்துத் தொழில் ஒன்றுக்கும் தொடர்பு உண்டு. அது சுருட்டு.

முதலில் கடையைப் பார்த்துவிடலாம். 1863-ல் சார்லஸ் டூரண்ட், ஜே. டபிள்யூ. ஸ்பென்சர் என்ற இருவர் மதராஸில் தொடங்கியது. பின்னால் யூஜின் ஓக்‌ஷாட் கைக்கு வந்து, 1895-ல் மவுண்ட் ரோட்டில் அந்தப் பெரிய செங்கல் கட்டடம் எழுந்தது. வடிவமைத்தவர் டபிள்யூ. என். போக்சன். கன்னிமரா ஓட்டல், ரயில் நிலையச் சிற்றுண்டி அறைகள் என்று வியாபாரம் பெருகியது. திண்டுக்கல்லில் சொந்தமாகச் சுருட்டுத் தொழிற்சாலையும் இருந்தது. 1983-ல் கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. பிறகு அங்கே வந்த ஸ்பென்சர் பிளாசாவுக்கும் கூட்டம் குறைந்து, இப்போது அதை நினைத்து ஏங்கவும் ஒரு தலைமுறை வந்தாச்சு!

இனி சுருட்டு. ஆங்கிலத்தில் 'செரூட்' என்கிறார்களே, அது நம்முடைய 'சுருட்டு' என்ற சொல்தான். இரண்டு முனையும் வெட்டி, கூம்பாமல் நேராக இருக்கும். திண்டுக்கல் பக்கத்துப் புகையிலை; சுற்றியது உறையூர் உள்ளிட்ட திருச்சிப் பகுதிகளில். லண்டன் வரைக்கும் அதற்குப் பெயர் 'டிரிச்சினாப்பொலி'. 1887-ல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே, தரையில் கிடந்த சாம்பலை வைத்து, கொலைகாரன் பிடித்தது டிரிச்சினாப்பொலி என்று ஹோம்ஸ் கண்டுபிடிப்பார். விளக்கம் இல்லாமலே வாசகருக்குப் புரியும் அளவுக்கு நம்ம ஊர்ப் பெயர் அங்கே புழங்கியிருக்கிறது.

அப்புறம் என்ன ஆச்சு? கை, இயந்திரத்திடம் தோற்ற கதைதான். அமெரிக்காவில் ஜேம்ஸ் பான்சாக் 1880-களின் தொடக்கத்தில் காப்புரிமை வாங்கிய சிகரெட் இயந்திரம், ஒரு நாளில் லட்சத்துக்கும் மேல் சிகரெட் சுற்றித் தள்ளியது. 1910-ல் கல்கத்தாவில் இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி தொடங்கியது. வசதி உள்ளவர் சிகரெட்டுக்குப் போனார், இல்லாதவர் பீடிக்குப் போனார். நடுவில் சுருட்டு மாட்டிக்கொண்டது. வெள்ளைக்காரர் கிளம்பியதும் பெரிய வாடிக்கையும் போயிற்று.

புகையிலை வியாபாரம் சுருங்கியதில் எனக்கு வருத்தம் துளியும் இல்லை. அது உயிரைக் குடிக்கும் சரக்கு. எனக்கு உறுத்துவது வேறொன்று. ஸ்பென்சரைத் தொடங்கியவர் பெயர் தெரியும், வாங்கியவர் பெயர் தெரியும், கட்டடம் வரைந்தவர் பெயர்கூடத் தெரியும். சுருட்டுச் சுற்றிய விரல்களில் ஒன்றின் பெயராவது அப்படித் தெரிகிறதா? கடை மேல் உள்ள ஏக்கம் பெரும்பாலும் வாங்கப் போனவர்களின் ஏக்கம். செய்து கொடுத்தவர்களுடைய நினைவு அதில் சேருவதில்லை.

உறையூருக்கு இது புதிதும் அல்ல. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான 'பெரிப்ளஸ்', 'அர்காரு' என்ற ஊரின் மெல்லிய துணியைச் சொல்கிறது. அது உறையூர்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அப்போதும் ஊர்ப் பெயர் கப்பலேறியது, நெய்தவர் பெயர் ஏறவில்லை. ஆனால் 1960-களில் சென்னைப் பல்கலைக்கழகம் இங்கே தோண்டியபோது, செங்கல்லில் கட்டிய சாயத் தொட்டி போன்ற அமைப்பு கிடைத்தது. வேலை செய்த இடமாவது மண்ணுக்குள் மிஞ்சியிருக்கிறது.

சுருட்டுக்கு அப்படி எதுவும் மிஞ்சாது. ஒரு பாயும், பலகையும், கத்தியும்தானே! மிஞ்சுவது ஞாபகம் மட்டும்தான். உறையூர்ப் பக்கம் உங்கள் வீட்டுத் தாத்தாவோ பாட்டியோ சுருட்டுச் சுற்றியவர் என்றால், இப்போதே உட்கார்ந்து கேளுங்கள். நாளைக்கு எத்தனை சுற்றினார்கள், கூலியை ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கிட்டார்களா, வாரக்கூலியா, இலையைப் பதம் பார்க்க என்ன சொல் வைத்திருந்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். ஸ்பென்சர் கதையை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இதை நாம்தான் எழுதணும்.