மூன்றாவது புத்தகம்

என் பேரன் ஒரு கம்பெனியில் டேட்டாபேஸ் பார்த்துக்கொள்கிறான். போன மாதம் புதுச்சேரி வந்தவன் ராத்திரி பதினோரு மணிக்கும் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான். "என்னடா?" என்றேன். "ஸ்டான்ட்பை செட் பண்றேன் தாத்தா."

கேட்டுத் தெரிந்துகொண்டேன். எந்த மாற்றமும் முதலில் 'லாக்' என்ற குறிப்பேட்டில் வரிசையாக ஏறும். ஒரு லாக் நிறைந்ததும் அதன் நகல் தனியே ஆவணமாகச் சேரும். இரண்டாவது சர்வர் அந்த லாக்கைப் படித்துத் தன்னையும் அதேபோல் மாற்றிக்கொள்ளும். முதல் சர்வர் விழுந்தால் இது எழுந்து நிற்கும். யாராவது தவறுதலாக அழித்துவிட்டால் ஸ்டான்ட்பையும் அழித்துவிடுமாம். அப்போது கைகொடுப்பது பழைய லாக்குகள்தான்.

"இதை எங்கள் எத்தா சிவில் எப்போதோ செய்ததுடா" என்றேன்.

1667-ல் பதினான்காம் லூயியின் சட்டம் ஞானஸ்நானம், திருமணம், இறப்புப் பதிவேடுகளை இரண்டு பிரதியாக வைக்கச் சொன்னது. ஒன்று கோயிலில், மற்றது கோர்ட்டின் கிரெஃப்பில். முதலில் எழுதியதைப் பிறகு நகல் எடுத்துக் கொடுப்பார்கள், கொடுக்காமலும் விடுவார்கள். 1736-ல் திருத்தினார்கள்: இரண்டிலும் அப்போதே எழுதி, அப்போதே கையெழுத்து.

பேரன் நிமிர்ந்தான். அவனுக்கும் இதே இரண்டு வழியாம். ஸ்டான்ட்பை 'எழுதிவிட்டேன்' என்று சொல்லும்வரை காத்திருந்தால் வேலை மெதுவாகும். காத்திருக்காவிட்டால் கடைசிப் பதிவுகள் சில போகலாம்.

1776 ஜூனில் இன்னொரு ராஜ கட்டளை வந்தது. காலனிகள் மூன்றாவது பிரதி ஒன்றைக் கப்பலில் வெர்சாய்க்கு அனுப்ப வேண்டும். 1761-ல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிய நம் ஊருக்கு அது தேவைதான். ஆனால் பாரீசின் இரண்டு பிரதிகளும் பாரீசிலேயே இருந்தன. 1871 மே 24, கம்யூன் கலவரத்தில் இரண்டு கட்டடங்களும் எரிந்தன. 1860-க்கு முந்தைய சுமார் 80 லட்சம் பதிவுகள் சாம்பல். குடும்பக் காகிதம், கோயில் ஏடு என்று தேடித் திரும்ப எழுதியது மூன்றில் ஒரு பங்குதான்.

"உன் ஸ்டான்ட்பை எங்கேடா இருக்கு?"

"அதே பில்டிங்தான் தாத்தா. மூணாவது மாடி."

அவனுக்கு என் கதையையும் சொன்னேன். கிரெஃப்புக்குப் போக வேண்டிய இரண்டாவது புத்தகத்தை, இடமில்லை என்று, முதல் புத்தகம் இருந்த பீரோவிலேயே வைத்தவன் நான். அந்த மழையில் கூரை ஒழுகியது. பையனைப் பள்ளியில் சேர்க்கச் சான்று கேட்டு ஓர் அம்மா வந்தார். இரண்டு புத்தகமும் ஒட்டிக் கூழாகியிருந்தன. நான்கு முறை நடந்தார். நான்கு முறையும் நான் தலையைக் குனிந்தேன்.

பேரன் எதுவும் பேசவில்லை. லாக் நகலையாவது வேறு ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று மேனேஜருக்கு மெயில் எழுத ஆரம்பித்தான்.