முழு ஓரியல் சுழல்கற்றையும் பகுதி ஓரியல் சுழல்கற்றையும்

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிச் சுமார் 40 கி.மீ. போனால் பெங்களூரு. அங்கே ராமன் ஆய்வு நிறுவனத்தில் 22 வயது பஞ்சரத்தினம் 1956-இல் குறுக்கீட்டு விளைவைப் பற்றி இரு பகுதிகளாக எழுதினார். முதற்பகுதி முழு ஓரியல் கற்றைகளுக்கு, அதாவது அலைகள் முற்றிலும் ஒத்தியங்கும் கற்றைகளுக்கு. இரண்டாம் பகுதி, பகுதி ஓரியல் கற்றைகளுக்கு. அவர் ஆராய்ந்தது முனைவுற்ற ஒளியை. ஆனாலும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் அந்த முறை, அலைமுகம் திருகுபோல் சுழன்று செல்லும் ஒளிக்கற்றையான சுழல்கற்றைக்கும் நன்றாகவே பொருந்துகிறது.

முழு ஓரியல், பகுதி ஓரியல் என இரு சுழல்கற்றைகளுக்கும் மூலம் ஒரே லேசர். அலைமுகத்துக்குச் சுருள் வடிவத்தைத் தருவதும் ஒரே கட்டத்தகடு. முதலாவது நேரே தகட்டுக்குப் போகிறது. இரண்டாவது, சுழலும் தேய்த்த கண்ணாடியைக் கடந்த பிறகே தகட்டை அடைகிறது. கண்ணாடி நின்றிருந்தால் கேமராவில் தெரிவது மணல் இறைத்தாற்போன்ற புள்ளிகள். மோட்டாரை ஓட்டினால் அவை கலந்து வழவழப்பான ஒளியாகின்றன. கண்ணாடியில் விழும் ஒளிப்பொட்டைச் சிறிதாக்கினால் ஓரியல் கூடும், பெரிதாக்கினால் குறையும் என்பது முதலில் பார்ப்பவரை வியக்க வைக்கும்.

முதலாவதன் நடுவே எவ்வளவு தூரம் போனாலும் மாறாத இருட்டு. இரண்டாவதில் போகப்போக அந்த இருட்டை ஒளி நிரப்பிவிடுகிறது. அப்படியானால் சுழல் அழிந்துவிட்டதா? இல்லை, இடம் மாறியிருக்கிறது. 2004-இல் பலாசியோஸ், ஸ்வார்ட்ஸ்லாண்டர் குழுவினர் அதைக் கண்டது ஒளியின் செறிவில் அல்ல, ஒட்டுறவில், அதாவது இரு புள்ளிகளின் ஒளி ஒன்றோடொன்று ஒத்திருக்கும் அளவில். மையத்துக்கு நேரெதிரே உள்ள இரு புள்ளிகளின் ஒட்டுறவு, ஒரு வளையத்தின் மேல் பூச்சியமாகிறது.

முதலாவதைச் சமதள அலையோடு குறுக்கிடச் செய்தால் பட்டைகள் கவையாகப் பிரியும். கூடுதலாக முளைத்த பற்களின் எண்ணிக்கையே சுழலெண். இரண்டாவதில் அந்தக் கவை மங்கிவிடும். கற்றையை மடித்து அதனுடனேயே குறுக்கிடச் செய்தால், பட்டைகள் மறையும் வளையங்கள் தெரியும். எளிய சுழல்கற்றைக்கு அவற்றின் எண்ணிக்கையும் அதே சுழலெண்தான்.

கோண உந்தத்திலும் இரண்டுக்கும் இடையே வேற்றுமையும் ஒற்றுமையும் உண்டு. ஒன்றில் எல்லா ஃபோட்டானும் ஒரே அளவைச் சுமக்கின்றன. மற்றதில் அளவுகள் சிதறினாலும் சராசரி மாறுவதில்லை.

நுண்துகளைப் பிடித்துச் சுழற்றக் கூர்மையான இருள்மையம் வேண்டும். அதற்கு முதலாவதே சரி. நண்பகலில் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலைமேல் நெளியும் காற்றைக் கடக்க இரண்டாவதே ஏற்றது; ஏற்கெனவே விரிந்திருக்கும் கற்றையைக் காற்றின் கொந்தளிப்பு புதிதாகக் கெடுப்பது குறைவு.