ஈகோசான் கழிப்பறை

ஈகோசான் கழிப்பறை என்பது மலத்தையும் சிறுநீரையும் கலக்கவிடாமல் தனித்தனியே பிடித்து, மலத்தைத் தரைக்கு மேல் கட்டிய தொட்டியில் உலரவைத்து எருவாக்கும் வீட்டளவுக் கழிவுச் சுத்திகரிப்பு முறை. சாக்கடைக் குழாய் எட்டாத ஊர்களில் கழிவை அது விழுந்த இடத்திலேயே தீங்கற்றதாக்கும் ஏற்பாடுகளுள் இதுவும் ஒன்று. தமிழ்நாட்டில் இது 2000-ஆம் ஆண்டை ஒட்டி, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் முசிறி வட்டாரத்தில் வேரூன்றியது. குழி தோண்ட முடியாத நிலத்துக்கென்றே பிறந்த கழிப்பறை இது. காவிரிக் கரை, கேரளக் கடலோரம், மியான்மரின் யாங்கோனுக்குத் தெற்கே பரந்து கிடக்கும் ஐராவதிக் கழிமுகம் ஆகிய மூன்று இடங்களிலும் மழைக்காலத்தில் சில அடி தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். இந்த முறையின் நியாயம் முழுவதும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது.

குழியும் கிணறும்

இந்தியக் கிராமங்களுக்கு அரசு முதன்மையாகப் பரிந்துரைப்பது இரட்டை உறிஞ்சுகுழிக் கழிப்பறை. 2014 அக்டோபர் 2-இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கம் வீட்டுக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தபோது மனத்தில் வைத்திருந்த மாதிரி இதுதான். குழியின் சுவரில் இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்கியிருக்கும். நீர் அதன் வழியே மண்ணுக்குள் இறங்க, திடப்பொருள் உள்ளே மட்கும். ஒரு குழி நிரம்பியதும் அடுத்த குழிக்குத் திருப்பிவிட்டு, நிரம்பியதை ஓராண்டுக்கு மேல் ஆறவிட்டால் உள்ளே இருப்பது நாற்றமில்லாத எருவாகிவிடுகிறது. 2017 பிப்ரவரியில் தெலங்கானாவின் வாரங்கல் மாவட்டத்துக் கங்காதேவிப்பள்ளியில், அப்போதைய மத்திய குடிநீர், சுகாதாரத் துறைச் செயலர் பரமேஸ்வரன் ஐயர் அப்படி ஆறிய குழி ஒன்றில் தாமே இறங்கி எருவை அள்ளிக் காட்டினார். அதிகாரி ஒருவர் குழியில் இறங்கினால்தான் நாடு நம்பும் என்ற நிலை அன்று இருந்தது.

ஆனால் இந்தக் குழிக்கு ஒரு நிபந்தனை உண்டு. குழியின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையே 2 மீட்டராவது ஈரமில்லாத மண் இருக்க வேண்டும். கிருமிகளை வடிகட்டுவது அந்த மண்தான். குழி ஒரு மீட்டர் ஆழம் என்று கொண்டால், மழைக்காலத்திலும் தண்ணீர் தரையிலிருந்து 3 மீட்டருக்குக் கீழே நிற்கும் ஊர்களுக்கே அது பொருந்தும். மற்ற ஊர்களில் குழியின் அடியை மூடி, சுற்றிலும் அரை மீட்டர் கனத்துக்கு மணல் நிரப்பலாம் என்று விதிமுறை சொல்கிறது. மணல் விலை தெரிந்த எந்தக் கொத்தனாரும் அதைச் செய்வதில்லை. குழி நீரில் மூழ்கிய பிறகு அங்கே மட்குவதும் இல்லை, வடிகட்டுவதும் இல்லை. கழிவில் உள்ள நைட்ரஜன் நைட்ரேட்டாகக் கிணற்றில் சேரக்கூடும். உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரையே நைட்ரேட்டை அனுமதிக்கிறது. அதைத் தாண்டினால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனை இழக்கக்கூடும்.

யாங்கோன்

யாங்கோனில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கிட்டத்தட்ட முழுவதும் மே முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆங்கிலேயர் 1880-களின் இறுதியில் நகரின் நடுப்பகுதிக்கு மட்டும் சாக்கடைக் குழாய் பதித்தார்கள். பொறியாளர் ஐசக் ஷோன் வகுத்த முறைப்படி, தாழ்வான இடங்களில் சேரும் கழிவைக் காற்றழுத்தத்தால் மேலேற்றித் தள்ளும் ஏற்பாடு அது. சுமார் 40,000 பேருக்கென்று திட்டமிட்டது. பிறகு நகரம் பல மடங்கு பெருத்தது, குழாய் பெருக்கவில்லை. குழாயில் போன கழிவும் 2005-இல் சுத்திகரிப்பு நிலையம் வரும்வரை நேராக யாங்கோன் ஆற்றில்தான் விழுந்தது. குழாய் எட்டாத வீடுகளின் கக்கூஸ் வாளிகளைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் சென்னை மாகாணத்திலிருந்து போன தெலுங்கரும் தமிழரும். 1931 கணக்கெடுப்பில், இரங்கூன் என்று அன்று அழைக்கப்பட்ட யாங்கோன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர் என்பதைச் சொல்லும்போது செட்டியார்களையும் மரக்கடைகளையும் நினைக்கும் நாம் இந்தக் கைகளை நினைப்பதில்லை.

ஆற்றுக்குத் தென்கரையில் தலா, துவாண்டே, கவ்மூ, குன்யாங்கோன் வட்டங்கள் தொடங்குகின்றன. நெல்வயலும் ஓடையும் கால்மேல் நிற்கும் மரவீடுகளுமான நிலம். இங்கே நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் இருந்தும், பல இடங்களில் உப்புக் கரிப்பதால் குடிக்க உதவாது. மழைநீர் தேங்கும் ஊர்க்குளமே குடிநீர். கோடையில் குளங்கள் வற்றும்போது நகரத்துத் தருமவான்கள் தண்ணீர் வண்டி கொண்டுவருவது தலாவில் ஆண்டுதோறும் காணும் காட்சி. 2008 மே 2, 3 தேதிகளில் நர்கிஸ் புயல் அடித்தபோது கடல்நீர் ஏறிக் கழிமுகத்தின் ஏராளமான குளங்கள் ஒரே இரவில் பாழாயின.

மியான்மரில் 1998 முதல் நடந்த தேசியச் சுகாதார வாரங்கள் வீட்டாரைத் தங்கள் செலவிலேயே ஈ புகாத குழிக் கழிப்பறை கட்டத் தூண்டின. ஓடைமேல் பலகை கட்டிக் கழிக்கும் வழக்கத்தோடு ஒப்பிட்டால் அது பெரிய முன்னேற்றம். எனினும் வெள்ளம் நின்ற வயலில் குழி வெட்டுவது கழிவைக் கண்ணிலிருந்து மறைக்குமே தவிர, குளத்திலிருந்து பிரிக்காது.

தரைக்கு மேலே

மலத்தை நீரில் போடாமல் மண்ணில் போட வேண்டும் என்ற வாதம் பழையது. இங்கிலாந்தின் டார்செட் பகுதிப் பாதிரியார் ஹென்றி மூல், 1860-இல் உலர்மண் தூவும் கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்றார். வட வியட்நாமில் 1956-இல் தொடங்கிய சுகாதார இயக்கம், தரைக்கு மேல் கட்டிய இரட்டைத் தொட்டிக் கழிப்பறையை ஊர் ஊராகப் பரப்பியது. ஒரு தொட்டி நிரம்பும் வரை மற்றது ஆறும். சிறுநீர் தனியே வழிந்து கலயத்தில் சேரும்.

வியட்நாமியருக்கு இல்லாத ஒரு வழக்கம் நமக்கு உண்டு: கால் கழுவுவது. தண்ணீர் தொட்டிக்குள் போனால் உலர்முறை அன்றோடு கெட்டது. இந்த முடிச்சை அவிழ்த்தவர் பிரிட்டிஷ் பொறியாளர் பால் கால்வர்ட். திருவனந்தபுரத்தை அடுத்த மீனவர் ஊர்களில் தங்கி, 1990-களின் நடுவில் கழுவும் நீருக்கும் தனி வழி வைத்த கோப்பையை அவர் வடிவமைத்தார். அந்த நீர் சுவருக்கு வெளியே செடிப் பாத்திக்குப் போகும். கல்வாழை போன்ற செடிகள் அதை உறிஞ்சி ஆவியாக்கிவிடும்.

முசிறியின் ஸ்கோப் தொண்டு நிறுவனமும் அதன் இயக்குநர் மராச்சி சுப்புராமனும் இந்த வடிவத்தைக் காவிரிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். முசிறிக்கு அருகிலுள்ள காளியபாளையத்தில் வீடுகளுக்குக் கட்டித் தொடங்கிய வேலை, 2004 திசம்பர் 26 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினக் கடற்கரைக்கும் போனது. 2006-இல் முசிறி பேரூரில் ஆண்களுக்கும் பெண்களுக்குமாகப் பொது ஈகோசான் கழிப்பறை திறக்கப்பட்டது. அதைப் பயன்படுத்துவோருக்குச் சில பைசாக்கள் கூலி கொடுத்ததுதான் செய்தித்தாள்களில் அதிகம் பேசப்பட்டது. சிறுநீருக்கு விலை உண்டு என்பதை ஊருக்குச் சொல்ல அதைவிடச் சுருக்கமான வழி இல்லை. சுப்புராமனுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

கட்டுமானம் எளியது. இரண்டு சிமென்ட் தொட்டிகள், மேலே தளம், ஏறிப்போக மூன்று நான்கு படிகள். தளத்தில் ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு கோப்பை: முன்பக்கம் சிறுநீருக்கு, நடுவில் மலத்துக்கு, பின்பக்கம் கழுவுவதற்கு. மலம் கழித்ததும் ஒரு கை அடுப்புச் சாம்பலைப் போட்டு, நடுத்துளையை மூடிவிட வேண்டும். சாம்பல் ஈரத்தை இழுக்கும், நாற்றத்தை அடக்கும், காரத்தன்மையை உயர்த்தும். விறகடுப்பு போய் எரிவாயு அடுப்பு வந்த வீடுகளில் சாம்பலுக்குப் பதில் சுண்ணாம்புத் தூளோ மரத்தூளோ போட வேண்டியிருக்கிறது.

எருவும் கிருமியும்

மனித உடலிலிருந்து வெளியேறும் நைட்ரஜனில் பெரும்பங்கு, ஏறத்தாழ 80 விழுக்காட்டுக்கு மேல், சிறுநீரில் இருக்கிறது. மணிச்சத்தில் பாதிக்கு மேலும் அதில்தான். வளர்ந்தவர் ஒருவர் நாளுக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை சிறுநீர் கழிக்கிறார். நோய்க்கிருமிகளோ ஏறக்குறைய முழுவதும் மலத்தில். உரம் ஒரு பக்கம், நஞ்சு ஒரு பக்கம் என்று உடலே பிரித்துக் கொடுப்பதைக் கழிப்பறையில் கலக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். சாக்கடையும் செப்டிக் டேங்கும் இதற்கு நேரெதிரானவை. இரண்டையும் கலந்து, தண்ணீரையும் ஊற்றி, பிறகு பிரிக்கச் செலவழிக்கின்றன.

தொட்டிக்குள் கிருமிகளைக் கொல்பவை உலர்ச்சி, காரத்தன்மை, காலம் ஆகிய மூன்றும். இவற்றுக்கு எளிதில் அசையாதவை நாக்குப்பூச்சி எனப்படும் உருண்டைப்புழுவின் முட்டைகள். அவை செத்தால் மற்றவை செத்தன என்று கொள்ளலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 20 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட தட்பவெப்பத்தில் மலத்தை ஓராண்டுக்கு மேல் மூடி வைத்திருக்க வேண்டும். சாம்பல், சுண்ணாம்பால் காரத்தன்மையை நன்கு உயர்த்தினால் ஆறு மாதமும் போதும். அதுவரை புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது. ஒற்றைத் தொட்டி உதவாமல் போவது இதனால்தான். ஒரு குடும்பம் தன் சிறுநீரைத் தன் தோட்டத்துக்கே விடுவதானால் நீண்ட காலம் சேமிக்க வேண்டியதில்லை. பலருடையதைச் சேர்த்துப் பச்சையாக உண்ணும் காய்கறிக்கு விடுவதானால் ஆறு மாதம் சேமிக்க வேண்டும். எதுவானாலும் கடைசியாக விட்டதற்கும் அறுவடைக்கும் இடையே ஒரு மாதம் கழிய வேண்டும். தண்ணீர் கலந்து வேரடி மண்ணில் ஊற்றுவதே நல்லது. இலைமேல் தெளித்தால் கருகும்.

பரவாமல் போனது ஏன்

இவ்வளவு நியாயம் இருந்தும் ஈகோசான் தமிழ்நாட்டில் பெருவழக்காகவில்லை. கட்டுமானச் செலவு ஒரு காரணம். படி ஏற முடியாத முதியோர் இன்னொரு காரணம். ஒரே கோப்பையில் மூன்று இடம் பார்த்து உட்கார வேண்டும். விருந்தாளி ஒருவர் ஒரு வாளி தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போனால் மாதக்கணக்கான உலர்ச்சி போய்விடும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் மாநகராட்சி, 2000-ஆம் ஆண்டுக் காலராவுக்குப் பின் தன் ஊரகப் பகுதிகளில் 70,000-க்கும் மேற்பட்ட பிரிப்புக் கழிப்பறைகளைக் கட்டிக்கொடுத்தது. உலகின் பெரிய முயற்சிகளுள் ஒன்று அது. பிறகு நடந்த ஆய்வுகளில் தெரியவந்தது மனக்குறைதான்: நகரத்தானுக்குத் தண்ணீர்க் கழிப்பறை, நமக்கு இது.

நம் ஊரில் அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. ஆறிய எருவை யார் அள்ளுவது? அள்ளும் வேலையைச் சில சாதியார் தலையில் கட்டிய சமூகத்தில், தம் தொட்டியைத் தாமே திறக்க வீட்டார் கூசுகிறார்கள். கூலிக்கு ஆள் தேடுகிறார்கள். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993-இலும், விரிவான வடிவில் 2013-இலும் வந்தது. நன்றாக ஆறிய எரு காய்ந்த மண்ணுக்கு ஒப்பானது என்பதை வீட்டார் ஏற்காதவரை, ஈகோசானும் பழைய எடுப்புக் கக்கூஸின் நிழலிலேயே நிற்கும்.

மாற்று வழிகள்

கையால் தொடும் வேலையைக் குறைக்கும் முறைகள் சில உள்ளன. மண்புழுக்கள் மலத்தைத் தின்று அளவைக் குறைக்கும் டைகர் கழிப்பறை இந்தியா, உகாண்டா, மியான்மர் ஆகிய நாடுகளில் பரிசோதிக்கப்பட்டது. ஆனால் புழுவும் வெள்ளத்தில் மூழ்கினால் செத்துப்போகும். மியான்மரின் ராக்கைன் மாநிலத்தில் சிட்வே அருகே இடம்பெயர்ந்தோர் முகாம்களில், பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்று கழிப்பறைக் கசடை எடுத்துச்சென்று ஒரே இடத்தில் சுத்திகரித்தது. தமிழ்நாட்டிலும் செப்டிக் டேங்க் லாரிகள் ஏரியிலும் சாலையோரத்திலும் கொட்டுவதைத் தடுக்க 2014-இல் வழிமுறைகள் வகுக்கப்பட்டன. மதுராந்தகத்தை அடுத்த கருங்குழிப் பேரூராட்சியில் மாநிலத்தின் முதல் மலக்கசடுச் சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. லாரி போகும் சாலை உள்ள ஊர்களுக்கு இது சிறந்த வழி. வரப்பும் ஓடையுமான கழிமுகக் கிராமங்களுக்கு லாரி வராது.

கழிப்பறைக்கு மானியம் எழுதும் அலுவலர் முதலில் பார்க்க வேண்டியது ஐப்பசியில் அந்த ஊர்க் கிணற்றின் நீர்மட்டம். யாங்கோன் பக்கம் என்றால் ஆகஸ்டில் பார்க்க வேண்டும். தண்ணீர் 3 மீட்டருக்குள் நின்றால் வெறும் குழிக்குப் பணம் கொடுக்கக் கூடாது. தரைக்கு மேல் இரட்டைத் தொட்டி கட்டவும், ஆறிய எருவை அள்ளக் கையுறையும் நீள்கைப்பிடி மண்வெட்டியும் வாங்கவும் அந்தப் பணம் போக வேண்டும்.