கருப்பைவாய்ப் புற்றுநோயைக் கண்டறியும் முறைகளின் வளர்ச்சி: ஒரு வரலாற்றாய்வு

ஸ்திரீகளின் இனப்பெருக்க உறுப்புகளைப் பற்றும் கொடிய வியாதிகளுள் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ஒரு விசேஷ குணம் உண்டு. அது புற்றாக முற்றுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே, வலியோ உதிரப்போக்கோ இன்றி, கருப்பையின் வாயை மூடிய மேல்தோலின் உயிரணுக்கள் மெல்ல மாறத் தொடங்கிவிடுகின்றன. அந்தப் பருவத்தில் அகப்பட்டால் எளிய சிகிச்சையே போதுமானது. அறிகுறி ஏதுமற்ற அந்த ஆண்டுகளை வைத்தியர்கள் எவ்வாறு காணக் கற்றார்கள் என்பதும், கண்டதைக் குணமாக்குவதற்கும் அவர்களுக்கும் இடையே நின்ற தடைகள் எவ்வாறு நீங்கின என்பதும் இக்கட்டுரையின் விசாரணைக்கு உரியவை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் நகரத்து ரெக்காமியே, யோனியை விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் என்னும் பழங்கருவியை மீண்டும் வழக்கிற்குக் கொண்டுவந்தார். 1840-களில் அமெரிக்காவின் அலபாமாவில் சிம்ஸ் என்பவர், அடிமைகளாயிருந்த கறுப்பினப் பெண்களின்மீது மயக்க மருந்தின்றிப் பன்முறை சஸ்திர சிகிச்சை செய்து, அதன் வழியே தம் பெயரால் வழங்கும் கருவியை உருவாக்கினார். இத்துறையின் கீர்த்தியோடு அந்தப் பெண்கள் பட்ட துன்பமும் பிரிக்க முடியாதபடி சேர்ந்தே நிற்கிறது. 1842-இல் ரிகோனி-ஸ்டெர்ன் என்னும் இத்தாலிய வைத்தியர் வெரோனா நகரத்து மரணப் பதிவேடுகளை ஆராய்ந்து, கருப்பைப் புற்று மணமான பெண்களிடையே மிகுந்தும் கன்னியாஸ்திரீகளிடையே அருகியும் காணப்படுவதை எடுத்துக் காட்டினார். காரணம் அன்று விளங்கவில்லை. 1898-இல் வியன்னாவில் வெர்ட்ஹைம் வகுத்த பெரிய அறுவை முறையும், அதன்பின் வந்த ரேடியம் சிகிச்சையும் முற்றிய நோயோடு போராடினவேயன்றி, நோயின் முன்பருவத்தை அணுகவில்லை.

அப்பருவத்தின் கதவு 1920-களில் திறந்தது. ஜெர்மனியில் ஹின்செல்மன் 1925-இல், கருப்பைவாயைப் பெரிதாக்கிக் காட்டும் கால்போஸ்கோப்பை அமைத்தார். வியன்னாவில் ஷில்லர், ஆரோக்கியமான உயிரணுக்கள் தம்மிலுள்ள கிளைக்கோஜனால் அயோடினை ஏற்றுக் கரும்பழுப்பு நிறம் பெறுவதையும், கேடுற்றவை நிறமின்றி நிற்பதையும் கண்டார். ருமேனியாவில் பாபேஷும், நியூயார்க்கில் கிரேக்கரான பாப்பனிகோலோவும், ஒருவர் முயற்சியை மற்றவர் சாராமல், உதிரும் உயிரணுக்களிலேயே புற்றின் சாயலைக் கண்டார்கள். பாப்பனிகோலோவின் முறை டிராட் என்னும் மகளிர் நோய் வைத்தியரின் துணையோடு 1941-இல் கட்டுரையாகவும் 1943-இல் நூலாகவும் வெளிவந்த பின்னரே சாதாரண வைத்தியர்களின் நம்பிக்கையைப் பெற்றது. கருப்பைவாயிலிருந்தே உயிரணுக்களைச் சுரண்டி எடுக்க ஏயர் மரத்துண்டுக் கருவியை அமைத்தபின் பாப் ஸ்மியர் பரிசோதனை எங்கும் பரவலாயிற்று. அதை ஒழுங்காக நடத்திய நாடுகளில் இந்நோயால் நேரும் மரணம் வெகுவாகக் குறைந்தது.

ஆயினும் அந்த வெற்றி, சாயமேற்றும் கூடமும், பயிற்சி பெற்ற நிபுணரும், முடிவு வந்தபின் பெண்ணை மீண்டும் அழைத்துச் சிகிச்சை தரும் ஏற்பாடும் அமைந்த தேசங்களுக்கே உரியதாயிருந்தது. கூலி வேலையை விட்டு ஒருநாள் வந்த பெண், சில வாரங்கள் கழித்து மறுபடி வருவாள் என்பதற்கு உறுதி ஏது? இதற்கு விடையாக, மூன்று முதல் ஐந்து சதவீத அசெட்டிக் அமிலத்தைத் தடவி, சுமார் ஒரு நிமிஷத்தில் வெளுக்கும் பகுதியை வெறுங்கண்ணால் காணும் முறை ஆராயப்பட்டது. அதன் பயனை நிறுவிய முக்கியமான சோதனைகளுள் ஒன்று திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்தது. சங்கரநாராயணன் முதலிய ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட முடிவின்படி, 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 49,311 பேர் பரிசோதனைப் பிரிவிலும் 30,958 பேர் வழக்கமான கவனிப்புப் பிரிவிலும் இருந்தனர். பயிற்சி பெற்ற செவிலியரே பரிசோதித்து, தேவைப்பட்டோருக்குத் திசு எடுத்து, தக்கவர்களுக்கு உறைகுளிர் சிகிச்சையையும் அதே வருகையில் அளித்தனர். முதற்பிரிவில் நோய் 25 சதவீதமும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன. பரிசோதனை பெறாத பிரிவை வைத்து ஒப்பிட்டது தர்மந்தானா என்ற விவாதமும் பின்னர் எழுந்தது.

இதற்கிடையே ஜெர்மானிய விஞ்ஞானி ஸுர் ஹவுசனின் குழு 1983, 1984-ஆம் ஆண்டுகளில் ஹெச்.பி.வி. வைரஸின் 16, 18 என்னும் வகைகளை இப்புற்றில் கண்டறிந்தது; வெரோனாப் பதிவேடுகள் காட்டிய வேற்றுமைக்கு, உடலுறவால் தொற்றும் இவ்வைரஸே காரணம் என்று விளங்கிற்று. அவருக்கு 2008-இல் நோபல் பரிசும் கிடைத்தது. மாதவிடாய் நின்ற பெண்களிடம், பார்க்க வேண்டிய பகுதி உள்ளே ஒதுங்கிவிடுவதால் வெறுங்கண் முறை தடுமாறும். இவ்வைரஸையே நேராகத் தேடும் பரிசோதனைக்கு அத்தடை இல்லை. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், ஒரே ஒரு முறை செய்த வைரஸ் பரிசோதனை மரணத்தை ஏறத்தாழப் பாதியாக்கியது.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, நுண்ணிய பார்வையை இருபதே ஆண்டுகளில் எய்திய வைத்திய சாஸ்திரம், அப்பார்வையின் பலனை ஏழைப் பெண்ணிடம் சேர்க்க மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது புலனாகும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த திட்டம், 2030-க்குள் சிறுமியரில் 90 சதவீதத்தினருக்கு இவ்வைரஸுக்கு எதிரான தடுப்பூசியும், பெண்களில் 70 சதவீதத்தினருக்குப் பரிசோதனையும் கோருவதோடு நில்லாமல், நோய் கண்டவர்களில் 90 சதவீதத்தினருக்குச் சிகிச்சையையும் இலக்காக நிறுத்துகிறது. திண்டுக்கல் ஆய்வு ஒரே வருகையில் இணைத்துக் காட்டியவை இந்த இரண்டாம் இலக்கும் மூன்றாம் இலக்குமேயாகலின், எந்தப் புதிய பரிசோதனையையும், அதில் நோய் தெரிந்த பெண்களில் எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள் என்ற கணக்கைக் கொண்டே மதிப்பிடுதல் தகும்.